ஒன்றில் வைக்காதே, அக்கா

அவனை எல்லோரும் ஜம்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். கைப்பேசி பழுது பார்ப்பவன். உள்ளே எங்கே பாதை அறுந்திருந்தாலும், தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒன்றை அதன் குறுக்கே பற்றவைத்து, செத்த போனை எழுப்பிவிடுவான். அந்தக் கம்பிக்குத்தான் ஜம்பர் என்று பெயர். நாளடைவில் பெயர் கம்பியிலிருந்து ஆளுக்குத் தாவிவிட்டது.

நேற்று மாலை அவனுடைய அக்கா வேனைக் கடைவாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். நடமாட முடியாத முதியவர்களை மலைமேல் இருக்கும் மருத்துவமனைக்கு ஏற்றிப் போகிற வேன்.

"ஹீட்டர் விசிறி நாலுல மட்டும்தான்டா ஓடுது. ஒண்ணு, ரெண்டு, மூணு எதுக்கும் அசையல. நாலுல வச்சா பேய்க்காத்து. பின்னாடி இருக்கவங்க காது போச்சுன்னு திட்டுறாங்க."

"அவங்களுக்குத்தான் ஏற்கெனவே காது கேக்காதே."

"திட்டுறதுக்குக் காது எதுக்கு, வாய் போதும்."

அவனுக்குக் கோளாறு உடனே பிடிபட்டுவிட்டது. நான்காவது படியில் மின்சாரம் நேராக விசிறி மோட்டாருக்குப் போகிறது. மற்ற மூன்று படிகளிலும் ஒரு சுருள்கம்பித் துண்டின் வழியாகச் சுற்றிப் போகிறது. சுருள் கொஞ்சம் மின்சாரத்தைச் சூடாக்கித் தின்றுவிடுவதால் விசிறி மெதுவாகச் சுற்றும். அந்தச் சூட்டை ஆற்றுவதற்காகவே சுருளைக் காற்றுக்குழாய்க்குள் செருகி வைத்திருப்பார்கள். விசிறியின் காற்றே அதற்கும் காற்று. சூடு எல்லை மீறினால், சுருளோடு ஒட்டியிருக்கும் சின்ன உருகி, அதாவது ஃபியூஸ், தானே உருகிப் பாதையை வெட்டிவிடும். அதன்பின் நான்கு மட்டும்தான் மிஞ்சும்.

உருகி உருகியிருந்தது. அவன் அதன் குறுக்கே கொஞ்சம் தடித்த ஜம்பர் ஒன்றைப் போட்டான். நான்கு படிகளும் வேலை செய்தன. "இனி ஒண்ணும் ஆகாதுக்கா" என்றான். அக்கா அவன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

இன்று காலை கண்ணாடியெல்லாம் உறைபனி. கடைச்சாவியைத் தேடி, நேற்றுப் போட்டிருந்த குளிர்ச்சட்டையின் பைக்குள் கைவிட்டான். விரல்களில் சருகுத்தூள் ஒட்டியது. அந்தச் சுருளைக் குழாயிலிருந்து உருவியபோது உதிர்ந்தது. அதில் ஒரு சருகின் ஓரம் மட்டும் கறுத்திருந்தது.

உருகி ஏன் உருகியது என்று அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. போனில் கம்பி அறும், ஒட்டினால் முடிந்தது. இங்கே அறுந்தது கோளாறு அல்ல, காவல். குழாய் முழுக்கச் சருகு அடைத்திருக்கிறது. காற்றுப் போகவில்லை. சுருள் ஆறவில்லை. காவல்காரன் கத்தியிருக்கிறான், இவன் அவன் வாயைப் பொத்திவிட்டு வந்திருக்கிறான்.

நான்கில் வைத்திருந்தால் சுருளுக்கு வேலையில்லை, பயமில்லை. ஒன்றில்தான் சுருள் முழுவதும் காயும், காற்றும் குறைவு. அக்கா ஒன்றில்தான் வைப்பாள். அதற்காகத்தானே சரிசெய்யச் சொன்னாள்.

அக்காவைக் கூப்பிட்டான். போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. ஓட்டும்போது அவள் அதை முன்சீட்டுக்கு எதிரே உள்ள பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவாள். அந்தப் பெட்டிக்குப் பின்னால்தான் அவன் போட்ட கம்பி இருந்தது.

பைக்கை எடுத்தான். ஏற்றத்தில் ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் அடுத்த வளைவில் புகை தெரியுமோ என்று பார்த்தான். பனிமூட்டம் எல்லாமே புகையாகத்தான் தெரிந்தது. பின்கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். உள்ளே சக்கர நாற்காலியைப் பட்டையால் கட்டியிருப்பாள். அவளே பட்டையை அவிழ்த்து, அவளே ஒவ்வொருவராக இறக்க வேண்டும். 'ஒண்ணுல வைக்காதக்கா' என்று தலைக்கவசத்துக்குள் சொல்லிக்கொண்டே போனான்.

மேட்டின் பாதியில் வேன் ஓரமாக நின்றிருந்தது. கதவெல்லாம் திறந்திருந்தன. முதியவர்கள் போர்வையோடு மண்மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் தலைகளை எண்ணினான். யாரும் குறையவில்லை. பைக்கை அப்படியே சாய்த்துப் போட்டான்.

"ஒண்ணுலதான் வச்சிருந்தேன்" என்றாள் அக்கா. அவள் உதடு வெளுத்திருந்தது. "அந்தத் தாத்தா, யாரும்மா வண்டிக்குள்ள துணிக்கு இஸ்திரி போடுறதுன்னு கேட்டாரு. அப்பதான் கருகுற வாடை எனக்கும் தெரிஞ்சுது. சாவிய அணைச்சுட்டேன்."

அவன் பெட்டியைக் கழற்றி, சுருளை உருவினான். கூடவே கரிந்த சருகு கொத்தாக வந்தது. குழாயின் பிளாஸ்டிக் வாய் இளகிக் கோணியிருந்தது. அவனுடைய கம்பி மட்டும் நேற்றுப் போட்டபடியே பளபளவென்று இருந்தது.

"நான் போட்ட கம்பிதான்க்கா."

அவள் அதைப் பார்த்துவிட்டு மண்மேட்டுப் பக்கம் திரும்பினாள். "டாக்டர் காத்திட்டிருப்பாரு. இவங்கள ஏத்தணும். இனி தீப்பிடிக்குமா?"

"சுருளே இல்லையேக்கா. விசிறியத் தொடாத. பிடிக்காது."

"நேத்தும் இப்படித்தான் சொன்ன. பைக் இங்கேயே கிடக்கட்டும். நீ முன்னாடி உக்காரு."

அவன் உட்கார்ந்தான். வேன் குளிரில் மெல்ல ஏறியது. ஒரு கையால் கண்ணாடியில் படியும் மூச்சைத் துடைத்துவிட்டான். மறு கையைப் பெட்டியின்மேல் வைத்து, சூடு ஏறுகிறதா என்று தடவிக்கொண்டே வந்தான். கொஞ்சதூரத்தில் அது வெதுவெதுப்பாக இருப்பதுபோல் பட்டது. தன் கையின் சூடுதானா, உள்ளே இருப்பதா, தெரியவில்லை. கையை எடுத்து, ஆறவிட்டு, மறுபடியும் வைத்தான்.