இன்னொரு முத்தாயி

சிங்கப்பூரில் எங்கள் மாலை எழுத்து வகுப்பில் கதைக்கு ஒரே ஒரு விதிதான். முதல் வரியை வாசித்ததும் கேட்பவர் "அப்புறம்?" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்த வரியைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். தேறுகிற ஒரு கதை மட்டும் வகுப்பின் 1961ஆம் ஆண்டு மலரில் அச்சேறும்.

என் வரிகளெல்லாம் வானத்தில்தான் ஆரம்பித்தன. சூரியன் உதிக்கும், மேகம் கலையும், மழை தூறும்.

"மழை பெஞ்சா குடை எடு. அதுக்கு எதுக்குக் கதை லா?" என்றாள் பக்கத்து நாற்காலி ஹலீமா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பஸ்ஸில்தான் அழுகை வந்தது. இந்த முறையும் தேறாவிட்டால் எழுதுவதை விட்டுவிட்டுத் தட்டச்சு வகுப்பில் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கடைசி முயற்சியாக, எனக்குப் பிடிக்காத ஒன்றிலிருந்து தொடங்கினேன்: என் பெயர். மூத்த மகளுக்குத் தன் தாயின் பெயர்தான் என்று நாகப்பட்டினத்துக்காரரான அப்பா பிடிவாதமாக வைத்தது. இப்படி ஒரு பெயரை ஒருவர் இரண்டு மகள்களுக்கு வைத்திருந்தால் எப்படியிருக்கும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பஃபலோ ரோட்டில் எங்கள் வீட்டு அடுக்களையில் அம்மா இக்கான் பிலிஸ் நெத்திலி மீன்களின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். எதிரே நின்று வாசித்தேன்.

"என் அப்பாவுக்கு நாகப்பட்டினத்தில் இன்னொரு மகள் இருக்கிறாள், அவள் பெயரும் முத்தாயி."

அம்மாவின் கை நின்றது. "அப்புறம்?" வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"யாருடி சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலம்மா. கதை. நானா எழுதினது."

"பேரு வரைக்கும் தானா வந்துச்சாக்கும்?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த தாளை இன்னொரு முறை பார்த்தேன்.

"உனக்குப் பேரு வச்ச அன்னிக்கு, அவரு ஊர்க்காரர் ஒருத்தர் வந்திருந்தாரு. 'இங்கயும் முத்தாயிதானா'ன்னு சிரிச்சாரு. அப்பத்தான் எனக்கே தெரியும், அங்கயும் ஒரு குடும்பம் இருக்குன்னு."

"அப்புறம்?" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எந்தச் சொல் என்று உறைத்தது.

"அப்புறம் என்ன? வந்தவங்களுக்குச் சாப்பாடு போட்டேன். இன்னிவரைக்கும் அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. தேக்கா மார்க்கெட்டிலிருந்து அப்பா கோழிக்கறிப் பையோடு உள்ளே வந்தார். நான் தாளைக் கசக்கினேன். அம்மா அதைப் பிடுங்கி, மீன் வாடையோடு நீவி விரித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க பொண்ணு கதை எழுதியிருக்கா. உக்காருங்க. முதல் வரி வாசிப்பா."

"கதையா? என் பொண்ணா? எங்க, வாசி வாசி!" அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்தார்.

நான் தாளை மடிக்கப் பார்த்தேன்.

"வாசிடி" என்றார் அம்மா.

வாசித்தேன்.

சிரிப்பு அப்பாவின் முகத்திலேயே காய்ந்துபோனது. மடியிலிருந்த பை சரிந்து தரையில் விழுந்தது. அவர் குனியவில்லை. என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார்.

அம்மா அடுத்த மீனின் தலையைக் கிள்ளினார்.

"அப்புறம்?" என்றார் அவரிடம்.