வண்டி காட்டிய வழி

ஒதீல் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனால் வெர்னாஸ் ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நடைவழிகளுக்கு அடையாளம் போடுவது அவள் பொறுப்பு. மரத்திலோ பாறையிலோ மஞ்சள் கோடு இருந்தால் சரியான வழி. பெருக்கல் குறி இருந்தால் அந்தப் பக்கம் போகாதே. அம்பு இருந்தால் திரும்பு. இதை மட்டும் நம்பித்தான் வெளியூர்க்காரர்கள் கையை வீசிக்கொண்டு மலையேறிவிட்டுச் சாயங்காலம் பத்திரமாக வீடு போய்ச் சேருகிறார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. கிளெர்மோன் நகரில் தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்த மலைக்கு வந்து குடியேறியவளுக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவள் போட்ட வழிகளிலேயே அவளுக்குச் செல்லப்பிள்ளை, குதிரைவால் அருவிக்குப் போகும் வழி. முள் மண்டி, இருந்த இடமே தெரியாமல் கிடந்ததை இரண்டு குளிர்காலம் அரிவாளும் கையுமாக நின்று வெட்டித் திறந்தாள். ஆனால் கடைசிப் பகுதி மர்சியாலின் மேய்ச்சல் நிலத்தின் ஓரமாகத்தான் போயாக வேண்டும். மர்சியால் அறுபதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை. சிவப்பு மாடுகள், சீஸ், ஒரு பழைய டிராக்டர், இவ்வளவுதான் அவருடைய உலகம். வழி கேட்டுப் போன போதெல்லாம் முடியாது என்றார். ஏன் என்று கேட்டால், முடியாது என்பதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

கடைசியில் ஆகஸ்ட் மாதம் எப்படியோ இறங்கி வந்தார். செப்டம்பரில் ஊர் கூடி நடக்கும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அனுமதி. ஒரு மாடு மிரண்டாலோ, எவனாவது வேலியில் கை வைத்தாலோ, அதன் பிறகு அருவியைக் கனவில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒதீலுக்கு அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை.

அந்த ஞாயிறும் வந்தது. ஆட்கள் காலையில் தேவாலயத்துக்கு முன்னால் பெயர் கொடுத்துப் பணம் கட்டிவிட்டு, அவரவர் வேகத்தில் மஞ்சள் கோட்டைப் பார்த்து நடப்பார்கள். பாதி வழியில் ஊர்க்காரர்கள் மேசை போட்டுப் பசியாற்றுவார்கள். உண்மையைச் சொன்னால், பாதிப் பேர் நடக்க வருவதே அந்த மேசைக்காகத்தான். இந்த வருஷம் மேசை அருவிக்கரையில். ஒதீலும் அவள் சிநேகிதி ரெஜீனும் சூப் அண்டாவோடு விடிந்ததும் அங்கே போய்விட்டார்கள்.

சூப் கொதித்தது. ஆறியது. ரெஜீன் மறுபடி சூடாக்கினாள். ஒரு குஞ்சு குளுவான்கூட வந்து சேரவில்லை.

ரெஜீன் ஊரில் ரொட்டிக்கடை நடத்துகிறவள். வாய் சும்மா இருக்காது. "ஏன்டி, வழிக்குப் பெயிண்ட் அடிச்சியா இல்ல உன் வீட்டுச் சுவத்துக்கு அடிச்சியா?" என்றாள்.

ஒதீல் மனதுக்குள் ஒவ்வொரு அடையாளமாக எண்ணிப் பார்த்தாள். பாலத்துக்குப் பக்கத்தில் கோடு. ஓக் மரத்தில் கோடு. முச்சந்தியில் இடப்பக்கம் காட்டும் பெரிய அம்பு. அந்த முச்சந்தியில் மரமும் இல்லை, பாறையும் இல்லை. மர்சியாலின் அப்பா காலத்து வைக்கோல் வண்டி ஒன்றுதான் அங்கே காஞ்சொறிச் செடிக்குள் புதைந்து கிடக்கும். தேவாலயம் நகர்ந்தாலும் நகரும், அந்த வண்டி நகராது என்பது ஊரே அறிந்த விஷயம். அதனால் அம்பை அதன் பலகையில்தான் போட்டிருந்தாள்.

வண்டி என்ற நினைப்பு வந்ததுமே அண்டாவை ரெஜீனிடம் விட்டுவிட்டு மேட்டில் ஏறி ஓடினாள்.

முச்சந்தியில் வண்டி இல்லை. அது கிடந்த இடத்தில் வெறும் மண் தெரிந்தது. அங்கிருந்து வலப்பக்கமாக, புல்லை நசுக்கிக்கொண்டு சக்கரத் தடம் போனது. அதன் மேல் நிறைய பூட்ஸ் தடங்கள். அந்தப் பக்கம் இருப்பது ஒரே ஒரு வீடு. மர்சியால் வீடு.

ஓட்டமும் நடையுமாகப் போகும்போதே இரண்டு வருஷத்து முள்ளும் கையில் மறுபடி குத்துவது போல இருந்தது. மனுஷன் துப்பாக்கியோடு நிற்பார் என்றுதான் நினைத்தாள். போய்ச் சேர்ந்ததும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

முற்றம் நிறைய ஆட்கள். வைக்கோல் கட்டிலும் கவிழ்த்த வாளியிலும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தொழுவத்துக்கு முன்னால் அந்த வண்டி. கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தது. மஞ்சள் அம்பு பளிச்சென்று மர்சியாலின் சமையலறைக் கதவைக் காட்டியது.

நடந்ததை ஆளுக்கொரு வாயாகச் சொன்னார்கள். வெளியூர் ஆட்கள் வருகிறார்களே, போகிற வழியில் குப்பை மாதிரி இது எதற்கு என்று மர்சியால் அதிகாலையில் டிராக்டரைக் கட்டி வண்டியை இழுத்து வந்துவிட்டார். அம்பை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. முச்சந்தியில் அடையாளம் எதையும் காணாமல் சக்கரத் தடத்தைப் பிடித்து வந்தவர்கள் அம்பைப் பார்த்தார்கள், கதவைத் தட்டினார்கள், இதுதானே சாப்பாட்டு இடம் என்றார்கள். அந்த மலையில் வாசலுக்கு வந்தவனைப் பட்டினியாக அனுப்பும் வழக்கம் இல்லை. மர்சியால் ரொட்டியையும் சீஸையும் வெட்டி வைத்தார். அவர்களோ பணம் கட்டிய தைரியத்தில் இன்னும் கேட்டார்கள். ஒரு அம்மாள் காபி கிடையாதா என்று முறைத்தாளாம். பட்டணத்துக்காரர்களுக்கு வெட்கமே இல்லை என்று முணுமுணுத்தபடியே மனுஷன் உருளைக்கிழங்கை அரிந்து பன்றிக்கொழுப்பில் வதக்க ஆரம்பித்திருக்கிறார்.

ஒதீல் போனபோது அவர் அடுப்படியில் வியர்த்து வழிந்துகொண்டு நின்றார். அவளைப் பார்த்தார். மறுபடி கிழங்கைப் புரட்டினார்.

அப்போது கிளெர்மோனிலிருந்து வந்த ஒரு ஒல்லி மனிதர் தட்டை வழித்துக்கொண்டே, அருவி ஒன்று இருப்பதாகச் சொன்னார்களே, அதைப் பார்க்காவிட்டால்தான் என்ன, பக்கத்துப் புவாசெல் அருவியை எல்லாரும் பார்த்தவர்கள்தானே என்று சொல்லிவைத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

மர்சியால் கரண்டியோடு வெளியே வந்தார். "அது அருவியா? ஓட்டைக் குழாய். எந்திரிங்க எல்லாரும். என் நெலத்து ஓரமாப் போங்க. மாடு பாத்தா நீங்களும் பாருங்க, ஓடாதீங்க, அது உங்கள மாதிரி எத்தனையோ பேரைப் பாத்திருக்கு. போய்ப் பாத்துட்டு வந்து, எது அருவின்னு எங்கிட்ட சொல்லுங்க."

பள்ளிக்கூடம் விட்டது போல எல்லாரும் எழுந்து போனார்கள். கீழே ரெஜீன் அந்தக் கூட்டத்தையும் அண்டாவையும் என்ன பாடுபடுத்துவாள் என்பதை ஒதீல் யோசிக்கக்கூட இல்லை. முற்றத்தில் அவளும் அவரும் மட்டும். மேசையில் எச்சில் தட்டுகள். பெரிய சீஸ் வட்டில் பாதிக்குமேல் காணோம்.

"மன்னிச்சிடுங்க மர்சியால். அம்பை வண்டியில போட்டது என் முட்டாள்தனம். சீஸுக்கு என்ன ஆச்சோ நான்..."

"சீஸைப் பத்தி நான் பேசினேனா?"

"அப்போ வழி?"

அவர் உள்ளே போய், பிளம் சாராயப் புட்டியும் இரண்டு சின்னக் கிளாசும் கொண்டுவந்து வைத்தார். அவள் வழக்கம்போல நின்றுகொண்டே, நேரமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தாள்.

"ரெண்டு வருஷமா வந்து வந்து வழி கேட்டே. ஒரு தடவையாவது உள்ள வந்து உக்காந்தியா?" என்றார் மர்சியால். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. "வேலிக் கதவுகிட்டயே நிப்பே. ஒரு கிளாஸ்னு சொன்னா, பூட்ஸ்ல சேறுன்னுவே, கார் ஓட்டணும்னுவே. இன்னிக்கு வந்தவங்க முகம் தெரியாதவங்க. வந்ததும் உக்காந்தாங்க. உப்பு பத்தலன்னு சொன்னாங்க. இந்த வீட்ல உப்பு பத்தலன்னு ஒருத்தர் சொல்லி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

ஒதீலுக்கு முகம் சிவந்துவிட்டது. தொந்தரவு செய்யக் கூடாது என்று மரியாதைக்காகத்தான் அவள் உள்ளே வராமல் இருந்தாள். அந்த மரியாதைதான் இரண்டு வருஷமாக இங்கே குறுக்கே நின்றிருக்கிறது. அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சேற்று பூட்ஸோடு அப்படியே உட்கார்ந்தாள்.

அவர் ஊற்றினார். ஒரே மடக்கில் குடித்தாள். தொண்டை தீயாக எரிந்தது.

"வழி இருக்கட்டும். வருஷம் பூரா இருக்கட்டும்," என்றார். "ஆனா முச்சந்தியில இருந்து நேரா கெடையாது. என் வாசல் வழியா வந்துதான் போகணும்."

அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி. செங்குத்தான ஏற்றம் வேறு. புது வரைபடங்கள் அச்சாகி வந்துவிட்டன. இவ்வளவும் ஒதீலின் நாக்கு நுனி வரை வந்தன. அவள் காலிக் கிளாசை அவர் பக்கம் தள்ளினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."