செருகினால் சாகும் கம்ப்யூட்டர்

‘ழ’ எழுதிக் காட்டுவதற்காக பாக்யலட்சுமி மவுஸைப் பிடுங்கிவிட்டு பென் டேப்லெட்டைச் செருகினாள். அந்தப் பழைய லேப்டாப்பில் உயிரோடிருந்தது ஒரே யூ.எஸ்.பி. ஓட்டைதான். திரை இருண்டது. மறுபடி வெளுத்தபோது, யார் நீ என்பதுபோல் பாஸ்வேர்டு கேட்டது. பிரான்சில் பாரீஸ் பக்கத்திலிருந்து ஆன்லைனில் தமிழ் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வகுப்போடு போய்விட்டார்கள்.

“இது எத்தனாவது தடவைங்க?”

“நான் எண்ணலம்மா,” என்றான் அவள் கணவன் செல்வகுமார்.

“நிர்மலாதேவி எண்ணிட்டாங்க.” போனை அவன் மூக்கருகே நீட்டினாள். ஒரு பிள்ளையின் அம்மா, பிரெஞ்சு வாடையோடு அனுப்பியது: ‘மேதாம், அடுத்த புதனும் இப்படி ஆச்சுன்னா நாங்க வேற டீச்சர் பாத்துக்கறோம்.’

அது அவள் தானாகத் தேடிப் பிடித்த வகுப்பு. லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டது செல்வகுமார். அவனுக்கு லினக்ஸைக் காட்டியது நண்பன் ஹரிகிருஷ்ணன். ஞாயிறானால் இருவரும் பென்டிரைவோடு புதுச்சேரியில் முத்தியால்பேட்டையிலிருந்து கோரிமேடு வரை வீடு வீடாகப் போய் அதன் பெருமை பேசுவார்கள். எல்லா வீட்டிலும் டீ கிடைத்தது. மனம் மாறியவன் இதுவரை செல்வகுமார் ஒருவன்தான்.

ஹரியும் அதே டேப்லெட்தான் வைத்திருந்தான். செல்வகுமார் அவனுக்குப் போன் போட்டான்.

“கேபிள்தான்டா மச்சான். புதுசு வாங்கு. என்னுது பாறை மாதிரி நிக்குது.”

புதுக் கேபிளிலும் செத்தது. நடந்ததையெல்லாம் கம்ப்யூட்டர் குறித்து வைக்கும் லாகைத் திறந்து பார்த்தான். ஒவ்வொரு முறையும் ஒரே கதை: டேப்லெட் வந்தது, திரையை நடத்தும் புரோகிராம் விழுந்தது. அந்த வரியை அப்படியே நெட்டில் தேடினான். லினக்ஸ்காரர்கள் சந்தேகம் கேட்கும் ஒரு மன்றத்தில் யாரோ இதையே கேட்டிருந்தார்கள். அதே டேப்லெட், அதே சாவு. கேட்டவர் பெயர் ‘பாண்டி ஹரி’. போன பொங்கல் சமயத்துத் தேதி.

கீழே ஒரு புண்ணியவான், டேப்லெட்டுக்கென்று பின்னால் ஓடும் பழைய செட்டிங்ஸ் புரோகிராமை நிறுத்திப் பாருங்கள் என்றிருந்தார். அதற்கு ஹரியின் பதில்: ‘நன்றி, தேவையில்லை. விண்டோஸுக்கே திரும்பிவிட்டேன்.’

பொங்கலுக்கு அப்புறம் எத்தனை ஞாயிறு! அத்தனையிலும் முன்னால் நின்று பேசியவன் ஹரிதான். பக்கத்தில் நின்று தலையாட்டியவன் யாரென்று செல்வகுமாருக்குத் தெரியும்.

“பாறை எப்படிடா நிக்குது?” என்று போனில் கேட்டான்.

“பாத்துட்டியா?”

“நீ மாறுனது பரவால்லடா. இங்க அவ கிளாஸு கண்ணெதிர்ல போவுது, எங்கிட்ட கேபிள் வாங்குன்ற.”

“உன்ன மாத்துனதே நான்தானடா. எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்லுவேன்?”

நல்ல வசவாக நாலு சொல்ல வாயைத் திறந்தான். “சாப்டியா?” என்றுதான் வந்தது. அந்த வாயை நினைத்து வெட்கப்பட்டு போனை வைத்தான்.

அந்த செட்டிங்ஸ் புரோகிராமை நிறுத்தினான். கை ஓயும்வரை டேப்லெட்டைப் பிடுங்கிச் செருகினான். விழவில்லை. புதன்கிழமை பிள்ளைகள் ‘ழ’வைத் தாண்டி ‘ள’வுக்குப் போனார்கள்.

“ஹரி அண்ணன்தான வழி சொன்னாரு?” என்றாள் பாக்யலட்சுமி, முகமெல்லாம் சிரிப்பாக.

“அவன் கேட்ட கேள்விக்குக் கீழதான் வழி கெடந்துச்சு.”

“தங்கமான மனுஷன். ஞாயித்துக்கெழம சாப்பிடக் கூப்புடுங்க. வஞ்சிரம் வாங்கறேன்.”

“வேணாம்மா. அவன் எப்பவோ வேற பந்தியில உக்காந்துட்டான். நான்தான் இன்னும் எலை போட்டு வச்சிருந்தேன்.”