கால் திருகு, அரைத் திருகு

அபிதா செய்த மென்பொருளில் மொத்தமே ஒன்பது பொத்தான்கள். கணினியைத் தொட்டறியாதவர்கூட அதை வைத்து ஒரு விளையாட்டை உருவாக்கிவிடலாம் என்பது அவள் கட்சி. தேனியிலிருந்த ஒரு பயிற்சி மையம் அதற்கு நிபந்தனை போட்டது. அப்படி ஒருவரை வெள்ளிக்கிழமை கூட்டிவர வேண்டும், அவர் ஒரு மணி நேரத்தில் விளையாட்டைச் செய்து காட்ட வேண்டும். காட்டினால் மையத்தின் நாற்பது கணினிகளிலும் அவள் மென்பொருள். இல்லாவிட்டால் மூன்று வருட உழைப்பு கோவிந்தா.

அவள் பிடித்தது பக்கத்து வீட்டுச் சுருளியாண்டியை. லோயர் கேம்ப் பக்கம் முப்பத்தைந்து வருடம் கால்வாய் ஷட்டரைத் திருகி ஓய்வு பெற்றவர். அவர் கைபேசியை எடுத்துக் காதில் வைப்பதற்குள் கூப்பிட்டவர் பஸ் பிடித்து நேரிலேயே வந்துவிடுவார்.

முதல் ஒத்திகையில் நாலே நிமிடத்தில் முடித்துவிட்டார். ஒரு வாய்க்கால், நாலு வயல், ஒரு ஷட்டர். ஒரு தட்டில் திறக்கும், மறு தட்டில் மூடும். திறந்ததும் திரையில் பள்ளத்தாக்கே முழுகியது.

"கால்வாசி மட்டும் தெறக்குற கால் திருகு எங்கன இருக்கு, ஆத்தா?"

"அதெல்லாம் கிடையாது பெரியப்பா. லேசா இருக்கணும்ல."

"லேசாத்தான் இருக்கு. கம்பத்துல இருந்து தேனி வரைக்கும் ஒரு உசுரு மிஞ்சல."

அபிதாவுக்குச் சுருக்கென்றது. இரண்டே நாளில் பொத்தான்களை நானூற்றுப் பன்னிரண்டாக்கினாள். கால் திருகு, அரைக்கால் திருகு, மழை, எருமை வரப்பை மிதிப்பது எல்லாம் வந்தன. திரையில் வாய்க்காலுக்குத்தான் இடமில்லை.

இரண்டாம் ஒத்திகையில் சுருளியாண்டி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் எங்கே போய் விழும் என்று நடந்து பார்க்காமல் அவர் எந்தத் திருகையும் தொட்டதில்லை. ஒவ்வொரு பொத்தானையும் விசாரித்தார். பதினேழாவதில் ஒரு மணி நேரம் முடிந்தது.

"எங்க கால்வாயில இத்தனை திருகு தெறந்து கெடந்தா என்னைய அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாக," என்றார். "எல்லாத்துலயும் சங்கிலி கெடக்கும். வேணுங்கிறதுக்குத்தான் சாவி."

அபிதா ஒரு பொத்தானையும் நீக்கவில்லை. பழைய ஒன்பதை மட்டும் முன்னால் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிப் பூட்டு வைத்தாள். மிச்சமெல்லாம் பூட்டுக்குப் பின்னால் போயின.

வெள்ளிக்கிழமை சுருளியாண்டி ஒரே ஒரு பூட்டைத் திறந்தார். கால் திருகை எடுத்துக்கொண்டார். ஐம்பது நிமிடத்தில் விளையாட்டு தயார். மையத்தின் தலைவர் பாண்டியராஜன் தானே விளையாட உட்கார்ந்து, கால் திருகு திறந்தார். தண்ணீர் லோயர் கேம்பிலிருந்து கிளம்பி எறும்பு மாதிரி ஊர்ந்தது. ஒரு மணி நேரம் முடிந்தபோது அது கூடலூரைக்கூடத் தொடவில்லை.

"நேரம் முடிஞ்சிருச்சே," என்றார் பாண்டியராஜன்.

"சாருக்கு எந்தூரு?" என்று கேட்டார் சுருளியாண்டி.

"மார்க்கையன்கோட்டை."

"அப்ப உக்காருங்க. சாயங்காலம் தண்ணி உங்க ஊருக்கு வந்துரும்."

பாண்டியராஜன் உட்கார்ந்தார். சாப்பாடு மேசைக்கே வந்தது. மூன்று கூட்டங்கள் தள்ளிப்போயின. தண்ணீர் உத்தமபாளையம் தாண்டியபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, நாற்பது கணினியிலும் திங்கட்கிழமை ஏற்றிவிடுமாறு அபிதாவிடம் சொன்னார். அப்புறம் சுருளியாண்டி பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"அரைத் திருகுக்கு எந்தப் பூட்டு?"

"அரைத் திருகு வச்சா கூடலூருல வரப்பு உடையும்," என்றார் சுருளியாண்டி. "நடந்து பாத்துட்டு வந்து கேளுங்க, சார்."