பத்ருல் வயலில் இறக்கிய விமானங்கள்

மலேசியாவின் அலோர் ஸ்டாரில் இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவரும் பத்ருலுக்கு விமானத்தைத் தரையிறக்கத் தெரியவில்லை. தெரியாதது குற்றமில்லை, ஊரில் யாருக்குத்தான் தெரியும்? ஆனால் அவர் தெரியும் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

விமானம் இருந்தது அவருடைய வீட்டு நடுக்கூடத்தில், மனைவி சல்பியா துணி தேய்க்கும் மேசைமேல். ஒரு கணினி, ஒரு விளையாட்டுக் கைப்பிடி, திரையில் விமானம் ஓட்டிப் பழகும் ஒரு சிமுலேட்டர். வானம் தெளிவாக இருந்தால் எப்படியோ இறக்கிவிடுவார். மேகம் மூடிவிட்டால்தான் சோதனை. கண்ணை நம்ப முடியாது, கருவியை நம்பித்தான் இறங்க வேண்டும். ஓடுபாதையிலிருந்து ஒரு ரேடியோ கதிர் வரும். விமானம் அந்தக் கதிரில் இருக்கிறதா, விலகிவிட்டதா என்று முன்னாலிருக்கும் ஊசி காட்டும். ஊசி நடுவில் இருந்தால் பிழைத்தோம். பத்ருலின் ஊசியும் ஒழுங்காக நடுவில்தான் நிற்கும். விமானம் மட்டும் மேகத்தைக் கிழித்துக்கொண்டு நெல்வயலில் போய் இறங்கும். மூன்று வாரத்தில் பதினேழு தடவை.

"இன்னிக்கு ஒங்க விமானத்துல எத்தனை பேரு போய்ச் சேந்தாங்க?" என்று சமையலறையிலிருந்து சல்பியா கேட்பாள்.

"எழுபத்திரெண்டு."

"நேத்துக்கு இன்னிக்குக் கம்மிதான்லா."

பத்ருல் சும்மா இருக்கவில்லை. சிமுலேட்டரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார், இரண்டு தடவை. புதுக் கைப்பிடி வாங்கினார். நாற்காலிக்கு அடியில் பலகை வைத்து உயர்த்தினார். அது எதற்கென்று அவருக்கே விளங்கவில்லை. கடைசியில் தப்பு தன்மேல் இல்லை, சிமுலேட்டர் செய்தவர்கள்மேல்தான் என்று தீர்ப்பு எழுதி, பதினான்கு படங்களோடு அவர்களுக்குப் புகார் அனுப்பினார்.

சனிக்கிழமை காலை மஸ்னாவுக்கு வகுப்பு. நாற்பத்தைந்து வயது, ஓட்டுநர் தேர்வில் மூன்று தடவை தோற்றவள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே காரைப் பின்னால் எடுத்து நிறுத்துவதில்தான் அவளுக்குக் கண்டம். அன்றும் இடது கம்பம் சாய்ந்தது.

"அலாமாக்! காக் மஸ்னா, கண்ணாடியப் பாக்கச் சொன்னேனா இல்லையா? கம்பம் உங்ககிட்ட என்ன பாவம் பண்ணிச்சு?"

"பாத்தேன் சிக்கு." பயிற்சிப் பள்ளியில் ஆசிரியரை எல்லோரும் 'சிக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மஸ்னாவை 'காக்', அதாவது அக்கா, என்பார்.

"எதப் பாத்தீங்க?"

"கண்ணாடியத்தான். அதுல என் முகம் தெரிஞ்சுது."

பத்ருல் நெற்றியில் அடித்துக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு பதில் கேட்டதில்லை. கோபத்தை மாற்ற, கம்பத்தை நிமிர்த்தி வைத்தபடியே தன் விமானத்துச் சங்கடத்தைச் சொன்னார். வழக்கமாக இதைக் கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு மணி பார்ப்பார்கள். மஸ்னா காரை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள்.

"கதிர் புடிக்கவே இல்லையா, புடிச்சிட்டு விட்டுருதா?"

பத்ருல் அசந்துபோனார். "ஒங்களுக்கு எப்படி..."

"என் வேலையே அதுதான சிக்கு. விமான நிலையத்துல அந்தக் கதிர அனுப்புற கருவிய நாங்கதான் பாத்துக்கிறோம். விண்ணப்பப் பாரத்துல எழுதிக் குடுத்தேனே, நீங்க படிக்கலையா?"

அவர் படிக்கவில்லை. பாரத்தில் பிறந்த தேதிக்குக் கீழே அவர் கண் போனதே இல்லை.

வகுப்பு முடிந்ததும் மஸ்னா வீட்டுக்கு வந்தாள். சல்பியா தேநீரும், பொரித்த மீன் அப்பளமான கெரோப்போக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்கத் தானும் உட்கார்ந்துகொண்டாள்.

"கெளம்புங்க. ஒவ்வொண்ணும் வாயால சொல்லிக்கிட்டே செய்யுங்க," என்றாள் மஸ்னா. அது பத்ருல் தன் மாணவர்களிடம் சொல்லும் வாக்கியம். அவருக்குக் காது சுட்டது.

"அலைவரிசை வச்சாச்சு. திசை வச்சாச்சு. கதிரப் புடிக்கிற பொத்தானும் அமுக்கியாச்சு. பாருங்க, ஊசி நடுவுல. எல்லாம் சரி. சிமுலேட்டர்தான் கோளாறு."

"அந்த ஊசி யாரு பேச்சக் கேட்டுக்கிட்டிருக்கு?"

"என்னது?"

"பக்கத்துல சின்னதா எழுதியிருக்கே, படிங்க."

பத்ருல் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தார். 'ஜிபிஎஸ்' என்று ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. ஊசி இத்தனை நாளும் ஓடுபாதையின் கதிரைக் கேட்கவேயில்லை. வானத்துச் செயற்கைக்கோளைக் கேட்டுக்கொண்டு, பத்ருல் வரைந்து கொடுத்த கோணல் பாதையில் மிக ஒழுங்காகப் போயிருக்கிறது. மாற்ற ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கியதும் ஊசி நடுவிலிருந்து துள்ளி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"மூணு வாரமா அது அங்கயேதான் எழுதியிருந்துச்சா?" என்றாள் சல்பியா.

"ஆமா," என்றார் பத்ருல், சின்னக் குரலில்.

"அந்தப் பதினாலு படத்துலயும்?"

பத்ருல் புகாரைத் திறந்து பார்த்தார். பதினான்கிலும் இருந்தது. மூன்றாவது படத்தில், ஊசி எவ்வளவு நேராக நிற்கிறது என்று காட்ட அவரே சிவப்பு வட்டம் போட்டிருந்தார். எழுத்து வட்டத்துக்குள்ளேயே இருந்தது.

மஸ்னா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று பத்ருலுக்கு இருந்தது.

அடுத்த முயற்சியில் உயரம் அதிகமாகிவிட்டது. "மேலேர்ந்து பாய்ஞ்சு புடிக்காதீங்க. கதிருக்குக் கீழ இருந்துக்கிட்டு, அது தானா வந்து சேர்ற வரைக்கும் பொறுங்க. இப்ப வேணாம், ஒரு சுத்து சுத்தி வாங்க."

"எறக்கிருவேனே!"

"சிக்கு. சுத்தி வாங்க."

சுற்றி வந்தார். ஊசி மெல்ல நகர்ந்து நடுவுக்கு வந்தது. விமானம் யாரோ கையைப் பிடித்து அழைத்துப்போவதுபோல் மேகத்துக்குள் இறங்கியது. திரை முழுக்கச் சாம்பல் நிறம். சட்டென்று மேகம் விலக, நேர் முன்னே ஓடுபாதை விளக்குகள். சக்கரம் தரையைத் தொட்டது. பத்ருல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்து கத்தினார். விமானம் ஓடியது, ஓடியது, ஓடுபாதை முடிந்தும் ஓடி, வேலியை முறித்துக்கொண்டு நின்றது.

"பிரேக்கு," என்றாள் மஸ்னா. இந்தத் தடவை சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை. சல்பியா கெரோப்போக் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாக பத்ருலும் சேர்ந்துகொண்டார்.

மஸ்னா வேலைக்குக் கிளம்பிப் போனபின் அவர் தனியாக மறுபடி பறந்து, இறங்கி, பிரேக் போட்டு, ஓடுபாதையின் நடுக்கோட்டில் நிறுத்தினார். அவளுக்குப் போன் செய்தார்.

"எறக்கிட்டேன் காக்."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"நல்லது சிக்கு. நாளைக்கு எனக்கு வகுப்பு இருக்கு. கத்தாம சொல்லித் தருவீங்களா?"

பத்ருல் வாக்குக் கொடுத்தார். மறுநாள் அதை முழுதாகப் பதினோரு நிமிடம் காப்பாற்றினார்.