வரிசையில் முதல் ஆள்

எங்கள் அரெக்கிபா நகரத்தில் புத்தியுள்ள எவரும் விடிந்ததும் வாக்குச்சாவடிக்குப் போக மாட்டார்கள். ஓட்டுப்பதிவை நடத்தக் குலுக்கலில் தேர்வான மேசை உறுப்பினர்கள் வராவிட்டால், வரிசையில் முன்னால் நிற்பவரைப் பிடித்து உட்காரவைத்துவிடுவார்கள். அப்புறம் இருட்டும்வரை வீடு திரும்ப முடியாது. இது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வேட்பாளருக்கு முதல் ஓட்டு என்னுடையதாக இருக்க வேண்டும் என்று வெறி. ஞாயிற்றுக்கிழமை காலைக்கே உரிய அதோபோ பன்றிக் குழம்பைக்கூடத் தொடாமல் ஓடினேன். பிடித்துக்கொண்டார்கள்.

எனக்குப் பின்னால் அதே வெறியோடு நின்றவள் செனோபியா. எதிர்க்கட்சி. என் மகளுக்கு ஞானத்தாய். தேர்தல் அறிவித்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. அவளையும் பிடித்தார்கள். ஒழுங்காக வந்திருந்த ஒரே உறுப்பினர், மேசைத் தலைவர் வில்பெர், எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"எனக்குன்னு வந்து வாய்ச்சீங்களே!"

எனக்கோ உள்ளுக்குள் குஷி. அவர்கள் ஓட்டைத் திருடுவார்கள் என்று தெருத்தெருவாகச் சொன்னவன் நான். இப்போது திருடியின் பக்கத்திலேயே நாற்காலி! ஒரு ஓட்டுகூடப் போகவிடக் கூடாது என்று நாள் முழுக்க அவள் விரல்களையே முறைத்தேன். அவள் என் விரல்களை முறைத்தாள்.

மாலையில் எண்ணினோம். அவள் வேட்பாளருக்குக் குறி போட்டு, பக்கத்தில் குட்டி இதயம் வரைந்த சீட்டு ஒன்று வந்தது.

"செல்லாது!" என்று துள்ளினேன். "குறி மட்டும்தான் இருக்கணும். படம், எழுத்து எது இருந்தாலும் குப்பை."

"யாருக்குன்னு தெளிவாத் தெரியுதே, அண்ணே?" என்றாள் செனோபியா.

"தெரிஞ்சா என்ன? சட்டம் சட்டம்தான்."

வில்பெர் தலையாட்டினார்.

அடுத்த சீட்டில் எங்கள் வேட்பாளருக்குக் குறி. செனோபியா கட்சி வேட்பாளர் அம்மாளின் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், ‘திருடி, ஜெயிலுக்குப் போ!’ என் கையெழுத்து. காலையில் ஓட்டுப்போட மறைப்புக்குள் நுழைந்ததும் உற்சாகம் தலைக்கேறியிருக்கிறது.

"யாரு இந்த அறிவாளி?" என்றார் வில்பெர்.

செனோபியாவுக்குத் தெரிந்துவிட்டது. ஞானஸ்நான அழைப்பிதழ்களை இருவரும்தானே உட்கார்ந்து எழுதினோம். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள்.

"யாரோ பாவம், ஆர்வக்கோளாறு. இதையும் சேத்துக்கலாம், இதயத்தையும் சேத்துக்கலாம். என்ன அண்ணே?"

நியாயமான பேச்சு. ‘சரி’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவளிடம் ஓட்டுப் பிச்சை வாங்குவதா? நேர்மையெல்லாம் இல்லை, சுத்த வீம்பு.

"செல்லாது," என்றேன். காதெல்லாம் சுட்டது.

எங்கள் மேசையில் என் கட்சி தோற்றது. செல்லாத ஓட்டுச் செய்தி அதற்குள் வெளியே கசிந்திருந்தது. வெளியே வந்தால் வாசலில் எங்கள் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள்.

"நம்ம ஓட்ட செல்லாமப் பண்ணிட்டா! மோசடிக்காரி! விடாதீங்கடா அவள!"

செனோபியாவைச் சுற்றி வளைத்தார்கள். அவள் முகம் வெளிறியது. அது யார் ஓட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். சொல்லவில்லை.

"நிறுத்துங்கடா," என்று குறுக்கே போய் நின்றேன். "செல்லாதுன்னு சொன்னது நான்."

"நீயா? எவன் போட்ட ஓட்டுன்னு தெரியுமாடா உனக்கு?"

"தெரியும். நான் போட்டது."