இரண்டு விரல் சாய்வு

தண்ணீர் கேன் போடுகிறவர் இறந்த மறுநாள் காலையிலிருந்து அவர் வீட்டில் தண்ணீர் சாய்ந்து நின்றது. டம்ளரில், வாளியில், யாரோ கழுவாமல் வைத்துவிட்டுப் போன பாத்திரங்களில், எதில் ஊற்றினாலும் அதன் மேற்பரப்பு பார்க்கிறவரின் இடப்பக்கம் இரண்டு விரல் தாழ்ந்தே இருந்தது. எதிரெதிரே உட்கார்ந்த இருவருக்கும் அவரவர் இடப்பக்கம்தான் தாழ்ந்து தெரிந்தது. அதைப் பற்றி வாதம் செய்ய அன்று அந்த வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. துக்கம் விசாரிக்க வந்திருந்த கொத்தனார், தரை இறங்கியிருக்கும் என்று சந்தேகப்பட்டுத் தன் மட்டக் குழாயை எடுத்துவந்தார். வாசலைத் தாண்டியதும் குழாய்க்குள் இருந்த தண்ணீரும் சாய்ந்துவிட்டதால் அது பயன்படவில்லை. ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்துப் பார்த்தார். அது வைத்த இடத்திலேயே நின்றது. "தரை நேராத்தாம்மா இருக்கு. தண்ணிதான் கோணல்," என்று சொல்லிவிட்டுக் குழாயைச் சுருட்டிக்கொண்டு போனார். அதன்பின் எதையும் விளிம்புக்கு இரண்டு விரல் குறைத்தே ஊற்றப் பழகிக்கொண்டாள் இறந்தவரின் மனைவி. இல்லாவிட்டால் உயர்ந்த பக்கம் வழிந்துவிடும்.

அந்தச் சாய்வு அவளுக்குப் புதிதல்ல. மீசை முளைத்த நாளிலிருந்து கேனை இடத்தோளில் சுமந்து மாடி ஏறியவர் அவர். கல்யாணத்தின்போதே அந்தத் தோள் மற்றதைவிட இரண்டு விரல் இறங்கியிருந்தது. அவளோ படங்களுக்கு ஃபிரேம் போடும் கடையில் வேலை செய்கிறவள். சட்டத்தின் மூலை மயிரிழை விலகினாலும் அவள் கண்ணை உறுத்தும். விருந்துக்குப் போன வீட்டில் காலண்டர் கோணலாகத் தொங்கினால் அதை நிமிர்த்தாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளுக்கு இப்படிப்பட்டவர் வாய்த்தார். கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் மாப்பிள்ளையிடம் தோளைத் தூக்கச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனான்; அவர் ஒருமுறை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது எடுத்த ஒரே ஒரு படம்தான் நேராக வந்தது. பிறகு வந்த வருடங்களில், தினமும் காலையில் அவர் படி இறங்கும்போது அவள் அவர் அக்குளில் கைகொடுத்துத் தோளை மேலே தூக்கிவிடுவாள். தெருமுனை வரை அவர் அப்படியே நடப்பார். முனை திரும்பியதும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். மேலிருந்து இதைப் பார்த்துப் பார்த்து அலுத்த மாடி வீட்டுக்காரி, "நாய் வாலக்கூட நிமித்திடலாம்டி, உன் வீட்டுக்காரர நிமித்த முடியாது," என்றாள். அவருக்கு இதிலெல்லாம் வருத்தமில்லை. தான் நேராகத்தான் நிற்பதாகவும், உலகம்தான் வலப்பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருப்பதாகவும் அவர் உண்மையாகவே நம்பினார்.

அவர் இறப்பதற்கு ஓரிரு வருடம் முன்பு மின்சாரத்தில் ஓடும் ஒற்றைச் சக்கரம் ஒன்று அந்த வீட்டுக்கு வந்தது. அவர் கேன் போட்டுக்கொண்டிருந்த வீடு ஒன்றைக் காலி செய்தவர், தனக்கு அது கடைசிவரை படியவில்லை என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். கைப்பெட்டி அளவு, நடுவில் ஒரே டயர், இரு பக்கமும் மடக்கி விரிக்கும் மிதிகள், தூக்குவதற்கு மேலே ஒரு பிடி. ஹேண்டில் இல்லை, பிரேக் இல்லை. ஏறி நின்று முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். ஆனால் எது நேர் என்று முதலில் ஒருமுறை அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். அவர் தம்பி போன் ரிப்பேர் செய்கிறவன். தன் போனோடு சக்கரத்தை இணைத்துவிட்டு, அதை நேராகப் பிடித்துக்கொண்டு சொல்லும்படி அண்ணனைக் கேட்டான். அண்ணன் பிடித்துக்கொண்டு, "ம், இதான் நேர்," என்றார். தம்பி திரையைப் பார்த்தபடியே அமுக்கினான், தலையைத் தூக்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் சக்கரத்துக்கு அண்ணனுடைய நேர்தான் நேர். வேறு யார் ஏறினாலும் இடப்பக்கம் தள்ளிவிட்டது. அவரோ ஒரே வாரத்தில், தோளில் நிறைகேனோடு, கடைக்குப் போகிறவர் போலப் போய்வந்தார். கேன் இல்லாதபோதுதான் தடுமாறினார்.

லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தில், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் இடையில், கேனைத் தோளிலிருந்து இறக்காமலே அவர் படியில் உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. கேனிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்று நான்காவது மாடிக்காரர்கள் தங்களுக்குள் இரண்டு நாள் பேசினார்கள், பிறகு குடித்தார்கள். அன்று காலையும் அவள் தோளைத் தூக்கிவிட்டிருந்தாள். அன்று மட்டும் கொஞ்சம் எரிச்சலோடு.

கல்யாணப் படத்திலிருந்து அவரைத் தனியாகப் பிரித்து, தானே சட்டம் வெட்டி, கண்ணாடி பொருத்தி, சுவரில் மாட்டினாள். வந்து பார்த்தவர்கள் படம் நன்றாக இருக்கிறது, ஆனால் அவர் மாதிரி இல்லை என்றார்கள். மறுநாள் அது இடப்பக்கம் இரண்டு விரல் சரிந்து தொங்கியது. நிமிர்த்தினாள். அதற்கு மறுநாளும் சரிந்தது, நிமிர்த்தினாள். காலையில் அவர் படி இறங்குகிற நேரம் வந்தால் கை தானாக அங்கே போயிற்று. சில மாதம் கழித்து ஒருநாள், தூக்கிய கையைப் பாதியில் இறக்கிக்கொண்டாள். அப்போதுதான் படம் அவர் மாதிரி இருந்தது.

கதவுக்குப் பின்னால் கிடந்த சக்கரம், பெருக்கும்போது துடைப்பம் பட்டு விழித்துக்கொண்டு, சார்ஜ் இல்லை என்று விட்டுவிட்டுக் கூவியது. பேச்சு ஒழிந்த வீட்டில் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல் அவள் வயரை மாட்டினாள். சார்ஜ் ஏறியதும் அது சுவரை விட்டு விலகித் தானாக நின்றது. ஆள் ஏறாமல் இந்த மாதிரிச் சக்கரம் நிற்காது. தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இது நின்றது, இடப்பக்கம் சாய்ந்து. அவள் கடையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துவந்து அதன் தலைமேல் வைத்தாள். குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. அலமாரியின் மேல் வைத்தாள், ஜன்னல் கட்டையின் மேல் வைத்தாள். எங்கும் குமிழி ஓடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டில் இனி நேராக இருப்பது இது ஒன்றுதான் என்று அவளுக்கு விளங்கியது. ரசமட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை மிதியில் வைத்தாள்.

ஃபிரேம்களின் மூலைக்கு வைத்துக் கட்டுகிற பஞ்சு அட்டையை இரண்டு கெண்டைக்காலிலும் சுற்றிக்கொண்டுதான் பழகினாள். அப்படியும் சக்கரத்தின் உடம்பு உரசி உள்பக்கம் கன்றிப்போனது. ஒரு காலை ஊன்றி மறுகாலால் உந்துவது, உந்திய காலைத் தூக்கி வைப்பது, வைத்த காலைப் பார்க்காமல் எதிரே பார்ப்பது. வீட்டுக்குள் இதெல்லாம் சீக்கிரமே படிந்தது. அடுப்படியிலிருந்து வாசல் வரை கையை விட்டுவிட்டுப் போனாள். வாசலைத் தாண்டியதும் விழுந்தாள். மறுநாளும் வீட்டுக்குள் போனாள், தெருவில் விழுந்தாள். எப்போதும் இடப்பக்கம். மாடி வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இந்த வயசுல சர்க்கஸ்ல சேரப்போறியா?" என்று கேட்டாள். "ஆள் எடுக்கறாங்களான்னு விசாரிச்சுச் சொல்லுங்கக்கா," என்றாள் இவள், தரையில் இருந்தபடியே. மாடி வீட்டுக்காரி உள்ளே போய்க் களிம்போடு இறங்கிவந்தாள்.

பல மாதம் இப்படிப் போயிற்று. விழப்போகும் ஒவ்வொரு முறையும் அவள் தன் இடத்தோளை மேலே தூக்கினாள். இத்தனை வருடம் கை செய்த வேலையை இப்போது உடம்பு செய்தது. ஒருநாள் மாலை, கடையில் நாள் முழுக்கக் கண்ணாடி துடைத்த அலுப்பில், தோளைத் தூக்க மறந்துபோனாள். சக்கரம் போயிற்று. கம்பங்கள், கதவுகள், சுவரொட்டிகள் எல்லாம் இருபக்கமும் நகர்ந்தன, எல்லாமே ஒரே அளவில் வலப்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றன. அவர் சொன்னது சரிதான். இதை வீட்டுக்குப் போனதும் அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். தெருமுனை திரும்பும்வரை அந்த நினைப்போடுதான் போனாள்.

பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் அதில்தான் வேலைக்குப் போய்வந்தாள். ஃபிரேம் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் அவள் வருவதைத் தூரத்தில் பார்த்ததும், "அக்கா, ஸ்டாப்பிங்குல நிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே டீயை ஆற்றத் தொடங்குவார். எல்லோருக்கும் பழகிவிட்டது, கொழுந்தனைத் தவிர. அவன் தன் ரிப்பேர்க் கடையிலிருந்து தினமும் அவள் போவதைப் பார்த்தான். அண்ணியின் இடத்தோள் மெல்ல மெல்ல இறங்கி வருவதைப் பார்த்தான். அண்ணனைப் படியில் உட்காரவைத்தது அந்தச் சாய்வுதான் என்று அவன் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தான்; அன்று தலையைத் தூக்கிப் பார்க்காமல் அமுக்கியது தன் விரல்தான் என்பதையும் அவன் மறக்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் சாப்பிட வந்தவன், அவள் அடுப்படியில் இருந்தபோது, சக்கரத்தை உண்மையான நேருக்குப் பிடித்து, போனில் அமுக்கிவிட்டு, சுவரில் சாய்த்து வைத்தான். எதிரே இருந்த சொம்பில் தண்ணீர் மட்டமானதை அவன் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் சக்கரம் அவளை வலப்பக்கம் தூக்கியது. சாய்வதற்கே பழகியிருந்த உடம்பு, தாங்க ஒன்றும் இல்லாமல், இடப்பக்கம் போய் விழுந்தது. காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு தோளையும் பின்னால் இழுத்துக் கட்டினார்கள். கொழுந்தன் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றான்.

"நான்தான் அண்ணி நேராக்கி வச்சேன். நீங்களும் அண்ணன் மாதிரி ஆயிடுவீங்களோன்னு..."

அவள் அவனைத் திட்டவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அவன் பழம் வாங்கிவந்து வைத்தான், அதையும் அவள் பார்க்கவில்லை. அவள் மனதில் இருந்தது வேறு. வீட்டுக்குப் போனால் எதைப் பார்க்க நேரும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வலது கையால் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு விரல் குறைத்து நிறுத்தினாள். தண்ணீர் சுற்றிலும் ஒரே மட்டமாக நின்றது. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். பிறகு இன்னும் கொஞ்சம். அவர் போன பிறகு முதல் முறையாக அந்த வீட்டில் ஒரு டம்ளர் விளிம்புவரை நிறைந்து, வழியாமல் இருந்தது. சுவரில் படம் நேராகத் தொங்கியது, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த யாரோ ஒரு மாப்பிள்ளையின் படம். அன்றுதான் அவர் இறந்தார் என்று பிற்பாடு அவள் மாடி வீட்டுக்காரியிடம் சொன்னாள். கட்டுப் பிரிக்கும்வரை அவள் வேலைக்குப் போகவில்லை. கொழுந்தன் தினமும் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். பாத்திரத்தை எடுக்கும்போதும் வைக்கும்போதும் அவர்களுக்குள் பேச்சில்லை.

கட்டுப் பிரித்த அன்று டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பு நேராகச் சேர்ந்திருப்பதைக் காட்டினார். நேராகத்தான் சேர்ந்திருந்தது. வீடு திரும்பி, தாகமாக இருந்ததால், இத்தனை நாள் வேலையில்லாமல் இருந்த இடது கையால் டம்ளரைத் தூக்கினாள். தண்ணீர் அவள் விரல்களில் வழிந்தது. டம்ளரைக் கீழே வைத்தாள், தண்ணீர் மட்டமானது. மறுபடி தூக்கினாள். சாய்ந்தது. இரண்டு விரல்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து, கை வலிக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கொழுந்தனுக்குப் போன் செய்தாள்.

அவன் வந்தபோது சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, வலது கையால் அதன் பிடியையும் இடது கையால் டம்ளரையும் பிடித்திருந்தாள். டம்ளரில் தண்ணீர் எந்தக் கோட்டில் நின்றதோ அந்தக் கோட்டுக்குச் சக்கரத்தின் தலை வரும்வரை, சட்டத்தின் மூலை சேர்க்கிறவள் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல மெல்லச் சாய்த்தாள்.

"கோணலா இருக்கே அண்ணி," என்றான்.

"டம்ளரப் பாரு, தம்பி."

அவன் பார்த்தான்.

"அமுக்கு," என்றாள்.

இந்த முறை அவன் திரையைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டே அமுக்கினான்.

அந்த வீட்டுத் தண்ணீர் அதன்பின் சாயவில்லை. சுவரிலுள்ள படமும் நேராகவே தொங்குகிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் அதை இடப்பக்கம் இரண்டு விரல் இறக்கிவிட்டுப் போகிறாள்; மாலைக்குள் அது தானாக நிமிர்ந்துவிடுகிறது; மறுநாள் காலையில் மறுபடி இறக்குகிறாள். ஒற்றைச் சக்கரத்தில் அவள் தெருமுனை திரும்புவது தெரிந்ததும் டீக்கடைக்காரர் கிளாஸை எடுத்து வைக்கிறார். மற்றவர்களுக்கு விளிம்புவரை ஊற்றுகிறவர், அவளுக்கு மட்டும் இரண்டு விரல் குறைத்து ஊற்றுகிறார். இல்லாவிட்டால் வழிந்துவிடும்.